புஷ்பக்கா வீட்டுக் கரண்ட்

இன்று மத்தியானம் மின்விசிறி கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரும்பவும் சுழன்றது. அதற்குள் என் கை கணினியில் சேமிக்கும் விசையைத் தட்டிவிட்டது. கல்யாண வீடியோ ஒன்றுக்குப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அழிந்தாலும் யாரும் அழப்போவதில்லை. ஆனால் மின்வெட்டுக் காலத்தில் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவுசெய்த கை அது, சொன்னால் கேட்காது.

தொகுப்பு ஜெகனுடையது. என்னோடு படித்தவன். கொழும்பில் சில வருடம் வேலை செய்துவிட்டு, ஒரு கிற்றாரோடு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்து, நகர வாழ்க்கையைப் பற்றி ரொக் பாட்டுகள் எழுதினான். பஸ் நிலையம், வாடகை அறை, வாவிப் பாலத்தில் முட்டிக்கொள்ளும் ஓட்டோக்கள். எங்கள் டவுனில் நெரிசலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று நான் கிண்டலடிப்பேன். ஸ்டூடியோ என்றால் என் படுக்கையறைதான். வெளிச் சத்தம் புகாமல் சுவரெல்லாம் முட்டைத் தட்டு, கதவில் மெத்தை. அந்தப் பஞ்சு மணத்தை நினைத்தால் இப்போதும் கழுத்து அரிக்கிறது.

கடைசிப் பாட்டு மிஞ்சியிருந்தபோது அவனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. அடுத்த நாள் பயணம்.

"இண்டைக்குப் பாடாட்டி மறுகா இல்ல மச்சான். அங்க போனா நான் பாடமாட்டன்," என்றான். அவனை எனக்குத் தெரியும், பாடவே மாட்டான்.

பாடத் தொடங்கமுன்னரே கரண்ட் போனது. மின்வெட்டு எங்கள் பக்கத்துக்கு ஒரு நேரம், முன்வீட்டுப் பக்கத்துக்கு வேறு நேரம். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். முன்வீட்டுப் புஷ்பக்காவிடம் கேட்டு, ஒழுங்கைக்குக் குறுக்கே முருங்கை மரத்தின் மேலால் வயர் இழுத்தோம். ஜெகன் அருமையாகப் பாடிக்கொண்டிருந்தான். பாதியில் திரை அணைந்தது. பாடியதெல்லாம் போயிற்று. அவன் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

புஷ்பக்கா ஓடி வந்தார். "ஐயோ மனே, கரண்ட் இருக்கக்குள்ள தண்ணி ஏத்துவம் எண்டு மோட்டரப் போட்டனான், பாரம் தாங்காம மெயின் சுவிட்ச் விழுந்திட்டு!"

கரண்டைக் கண்டதும் மோட்டர் போடுவது அப்போது ஊருக்கே கைப்பழக்கம். அவரை எப்படிக் கோபிப்பது?

"உங்கட பக்கம் எப்பக்கா போகும்?"

"இப்ப போயிரும். கெதியாப் பாடுங்க, நான் ஒண்டும் போடமாட்டன்."

பிரிட்ஜைக்கூடக் கழற்றிவிட்டு, வீட்டில் யாரும் சுவிட்சைத் தொடாதபடி காவல் நின்றார். புழுக்கம் தாங்காமல் நாங்கள் ஜன்னலைத் திறந்தோம். பெரிய வீதிக் கடைகளின் ஜெனரேட்டர்கள் எல்லாம் சேர்ந்து இரைந்தன. ஜெகன் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தான். நான் விசையைத் தட்டினேன், திரை இருண்டது. சேமித்ததா இல்லையா, எங்கள் இருவருக்கும் தெரியாது.

எங்கள் பக்கம் கரண்ட் வந்தபோது புஷ்பக்காவும் வந்து பின்னால் நின்றார். பாட்டு முழுதாக இருந்தது. "அப்பாடா" என்று முதலில் சொன்னது அவர்தான். பரீட்சை பாஸான அன்றுகூட எனக்கு அப்படி நிம்மதி வந்ததில்லை.

பின்னால் கேட்ட இரைச்சலை எடுத்துவிடட்டுமா என்று ஜெகனிடம் கேட்டேன்.

"விடுடா. டவுணப் பத்தின பாட்டுத்தானே."

சொன்னபடியே அவன் கட்டாரில் பாடுவதில்லை. முருங்கை மரத்தில் இப்போது வயர் இல்லை, கடை வாசல்களில் ஜெனரேட்டர் இல்லை, புஷ்பக்கா நினைத்த நேரத்துக்கு மோட்டர் போடுகிறார். அந்த இரைச்சல் எங்கள் கடைசிப் பாட்டில் மட்டும்தான் மிச்சம். அங்கேயே கிடக்கட்டும், வெளியே வரவே வேண்டாம்.