கடையில் ஆள் இருக்கும்வரை

போன செவ்வாய்க்கிழமை காலை முழுக்கச் சேலை பார்த்தேன். ஒன்றுகூட எடுக்கவில்லை!

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் ஷமீமா குடியிருக்கிறாள். தெருமுனையில் நடந்த முகாமில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். 'சின்ன சந்தேகம், ஆஸ்பத்திரிக்கு வாங்க, இன்னொரு தடவை பார்த்துடலாம்' என்றார்கள். நர்ஸ் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் 'வரேன்' என்றாள். போகவில்லை.

பயமா? வெட்கமா? விழிப்புணர்வு இல்லை என்று நானே தீர்ப்பு எழுதினேன். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் கவலை ஆயிற்றே... பதினோரு பாயின்ட் தயாரித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

இரண்டாவது பாயின்ட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

"எல்லாம் தெரியும் சார். மாமாவ யார்கிட்ட விட்டுட்டுப் போறது? அத சொல்லுங்க."

மிச்சம் ஒன்பதிலும் அதற்குப் பதில் இல்லை.

மாமா என்றால் அவள் மாமனார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. கதவு திறந்தால் போதும், 'கடை தொறக்கணும்' என்று கிளம்பிவிடுவார். கடை இருந்த இடத்தில் இன்று மொபைல் ஷோரூம். ஷமீமாவின் கணவருக்குத் தட்டாஞ்சாவடியில் ஷிப்ட் வேலை; லீவு கிடைப்பதில்லை.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

சிரித்தாள். "உங்களத் தள்ளிட்டுப் போயிடுவாரு சார். ஒண்ணு... கஸ்டமர உக்கார வச்சிட்டு எழுந்து போற பழக்கம் மட்டும் அவருக்குக் கெடையாது."

அப்படியா? இனி நான்தான் கஸ்டமர்!

செவ்வாய் காலை, என் மனைவி அவளை ஆட்டோவில் கூட்டிப் போனாள். நான் பாயில் உட்கார்ந்து, "சேலை காட்டுங்க பாய்" என்றேன்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க! வீட்ல விசேஷமா?" ஷமீமாவின் பீரோ முழுவதும் என் முன்னால் விரிந்தது.

"பார்டர் சின்னது." "சாயம் போகும் போலிருக்கே?" "முந்தி எடுப்பா இல்லியே..."

நடுவில் ஒருமுறை வாசலைப் பார்த்து எழுந்துவிட்டார். "அந்தப் பச்சைய இன்னொரு தடவ காட்டுங்களேன்" என்றேன். உட்கார்ந்தார். அல்லாவும் முருகனும் சேர்ந்து காப்பாற்றினார்கள்.

"முப்பத்தேழு சேல பாத்தாச்சு. ஒண்ணுகூடப் புடிக்கலியா? உங்க வீட்டம்மா எப்பிடித்தான் உங்களோட குடும்பம் நடத்துறாங்களோ!"

அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

மதியம் இருவரும் திரும்பினார்கள். ஷமீமாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் அதுவாக மாறியிருக்கக்கூடிய ஒரு கோளாறு. சிகிச்சையும் அன்றே முடிந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் சொல்கிறபோது போய்க் காட்டிவர வேண்டும்.

என் மனைவி நர்ஸிடம் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்த அந்த அம்மாள், பிறகு யோசனையாகச் சொன்னாராம்: "இனிமே போன் பண்ணா, ஏன் வரலன்னு கேக்க மாட்டேன். வீட்ல யார பாத்துக்கணும்னு கேக்கறேன்."

எவ்வளவு சின்னக் கேள்வி! என் பதினோரு பாயின்ட்டில் ஏன் அது இல்லை?

"எதை எடுத்தாலும் நொட்டை சொல்றீங்களே, இன்னிக்குத்தான் அது ஒருத்திக்கு உதவியிருக்கு" என்றாள் மனைவி.

அடுத்த செக்கப்புக்கும் கஸ்டமர் நான்தான். நான் ஒன்றும் எடுக்கவில்லை என்று பெரியவர் ரொம்ப வருத்தப்படுகிறார். என்ன செய்ய... அந்தப் பச்சைக்கு பார்டர் நிஜமாகவே சின்னது!