கலப்புத் தேயிலையும் எங்கள் டீமேக்கரும்

எங்கள் டீமேக்கர் சோதனை மேஜையில் தேநீரைக் குடிப்பதில்லை. உறிஞ்சுவார். புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நீலகிரியில் எமரால்டு ஊர்ப் பக்கத்தில் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்திய தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். கம்பளிக் குல்லாயும் முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டருமாக ஒருவர் ஒவ்வொரு கிண்ணத்திலும் கரண்டியை விட்டு உறிஞ்சி, வாய்க்குள்ளே உருட்டி, பக்கத்திலிருந்த தகர டப்பாவில் துப்பிக்கொண்டே நகர்ந்தார். நான் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார். "உள்ள வாங்க தங்கச்சி. நேத்து மெஷின்கிட்ட யாரு தூங்குனான்னு இந்த மூணாவது கிண்ணத்துல இருக்கு" என்றார். அன்று மத்தியானமே ஓர் ஆள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து ஒப்புக்கொண்டான்.

டீமேக்கர் என்றால் டீக்கடையில் ஆற்றுகிறவர் இல்லை. கொழுந்து மூட்டை வந்து இறங்குவதிலிருந்து தூளாகிப் பையில் ஏறுவது வரைக்கும் தொழிற்சாலையில் பொறுப்பு அவருடையது. எங்களவருக்கு இன்னொரு பட்டமும் இருந்தது, அதை அவர் கேட்டு வாங்கவில்லை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து இரு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பத்தொன்பது வயதில் அம்மாவோடு கப்பலில் வந்து இறங்கியவர். தொழிற்சாலையை "ஸ்டோரு" என்பார், புரிந்ததா என்பதற்கு "விளங்குச்சா" என்பார். எனவே இந்த மலையில் எல்லாருக்கும் அவர் "சிலோன்காரர்". பஸ் கண்டக்டர், காய்கறிக்காரர், எங்கள் தொழிற்சாலைத் தலைவர், சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத காவல்காரர், எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறந்த ஊரில் அவரை "இந்தியாக்காரன்" என்பார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து விவசாயிகள் கொழுந்து விலையைப் பற்றித் தவிர வேறு எதையும் பேசவில்லை. வெளிநாட்டிலிருந்து தேயிலையை மலிவாக இறக்கி, இங்கத்தியத் தூளோடு கலந்து, பொட்டலத்தின்மேல் பெரிதாக நீலகிரி என்று போட்டு விற்கிறார்கள் என்பது புகார். எங்கள் தூளின் பேரைச் சொல்லி யாரோ சம்பாதிக்க, எங்கள் கொழுந்தை வாங்க ஆளில்லை. இந்தச் சமயத்தில்தான் இறக்குமதி பற்றிய புதுச் சட்டத்துக்கு வரைவு மசோதா ஒன்று இணையத்தில் வெளியானது. யாரும் கருத்துச் சொல்லலாம் என்றும் போட்டிருந்தது. இங்கிலீஷ் தெரியும் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதனால் முழுவதையும் அச்செடுத்து, மூன்று நாள் வீட்டில் சமையலைக்கூடச் சரியாகக் கவனிக்காமல், வரிவரியாகப் படித்தேன். வெளிநாட்டுச் சரக்கை அப்படியே விற்றால் பொட்டலத்தில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது மசோதா. உள்ளூர்ச் சரக்கோடு கலந்து விற்றாலோ, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் பயந்த ஓட்டை அதுதான். அதை அடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

குன்னூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், டெல்லியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்து நிமிஷம் என்று கடிதம் வந்தது. மொழிபெயர்க்க ஆளை நாமே கூட்டிவர வேண்டுமாம். தலைவர் உடனே திட்டம் போட்டார். அவரும் எமரால்டு அணைக்கு மேலே ஒரு துண்டுத் தோட்டம் வைத்திருப்பவர்தான். ஊட்டியில் படிக்கும் மகளை அடுத்த வருஷம் கல்லூரியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நம்ம டீமேக்கர் நாக்குக்கு மேல ஒரு சாட்சி வேணுங்களா? அந்தம்மா முன்னாடி கிண்ணத்த வெச்சு, இது நம்முளது, இது வெளிநாட்டுக் குப்பைன்னு இவரு சொல்லட்டும்" என்றார். எனக்கும் அது பிரமாதமாகப் பட்டது. நான் எழுதிய இரண்டு பக்க உரையில் மட்டம் என்பதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் போட்டிருந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் ஒத்திகை. குன்னூர் வியாபாரி ஒருவரிடம் கெஞ்சிக் கென்யாத் தேயிலை கொஞ்சம் வாங்கி வந்திருந்தேன். எங்கள் தூள் இரண்டு, பக்கத்துத் தொழிற்சாலைகளின் தூள் மூன்று, கென்யா ஒன்று. கிண்ணத்துக்கு அடியில் பெயர் எழுதிய சீட்டை நானே வைத்தேன். டீமேக்கர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் கிண்ணத்தை உறிஞ்சித் துப்பி, "நம்முது, செவ்வாக்கிழமை அரைச்சது" என்றார். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இரண்டாவதும் மூன்றாவதும் சரி. நான்காவதை உறிஞ்சியவர் அப்படியே நின்றார். டப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அவர் தொண்டை ஏறி இறங்கியது. பதினைந்து வருஷத்தில் சோதனை மேஜையில் அவர் ஒரு வாய் விழுங்கி அன்றுதான் பார்த்தேன். இன்னொரு கரண்டி எடுத்து அதையும் விழுங்கினார். தேநீர் வடித்த குடுவையின் மூடியில் கொட்டியிருந்த வெந்த இலையை முகர்ந்து, விரலால் தள்ளிப் பார்த்து, "இத செஞ்ச ஆள ஒரு தடவ நேர்ல பாக்கணும் தங்கச்சி. கொழுந்த எம்புட்டுப் பக்குவமா வாட்டியிருக்கான்" என்றார்.

தலைவர் கிண்ணத்தைத் தூக்கிச் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானே எழுதிய சீட்டு, கென்யா என்று கொட்டை எழுத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டீமேக்கர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "அப்படிங்களா? நல்லா செய்யிறாங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது கிண்ணத்துக்குப் போனார். கிண்ணமெல்லாம் வேண்டாம், நான் உரையை மட்டும் படித்தால் போதும் என்று தலைவர் அங்கேயே முடிவெடுத்தார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பட்டியலில் டீமேக்கரின் பெயரைக் கொடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது. "அந்தம்மா கேட்டா மட்டம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க. நம்ம சனம் எல்லாரும் உங்களத்தான் நம்பியிருக்குதுங்க" என்றார். டீமேக்கர் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே "பாப்பம்" என்றார். அந்தப் பாப்பத்துக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மறுநாள் குன்னூர் மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் உரையைப் படித்தேன், குரல் நடுங்காமல் படித்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அந்த அதிகாரி அம்மாள் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. நான் அடுக்கிய மட்டங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். "உங்களோடு தேயிலை வல்லுநர் வந்திருக்கிறார் இல்லையா? அவரிடம் கேளுங்கள். வெளிநாட்டுத் தேயிலை நிஜமாகவே மோசமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். டீமேக்கர் எழுந்து குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நல்ல டீங்க. நேத்துக்கூடக் குடிச்சேன். கொழுந்தும் நல்ல கொழுந்து, செய்நேர்த்தியும் இருக்கு" என்றார்.

முன்வரிசையில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் எங்கள் விவசாயிகள், பாதிப்பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அடுத்து என் வாயில் என்ன வந்ததென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "அந்தத் தேயிலை தரமில்லாதது என்கிறார்" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். எத்தனையோ வருஷம் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் ஏல வியாபாரிகளுக்கும் தூளைக் காட்டி விளக்கியவர் அவர், தேவையான இங்கிலீஷ் அவருக்குத் தெரியும் என்பதை எப்படி மறந்தேன் என்று இன்றும் புரியவில்லை. டீமேக்கர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் பரிதாபம் மாதிரி. பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "நோ மேடம். குட் டீ. வெரி குட் டீ. சிஸ்டர் லிட்டில் பயம்" என்றார்.

மண்டபத்தில் ஒரே சிரிப்பு. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு, அவ்வளவு நல்ல தேயிலை என்றால் எதற்காக இத்தனை தூரம் புகார் சொல்ல வந்தீர்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு டீமேக்கர் பேசியதை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"அந்த டீ மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. வரட்டும், விக்கட்டும். நான் இங்க வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ரேஷன் கடையில கேட்டாங்க, நீ எங்கேருந்து வந்தவன்னு. பேங்குல கேட்டாங்க. பொண்ணு கேட்டுப் போன ஊட்டுல காப்பி குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லித்தான் உள்ள வந்தேன், இங்கயே வேலை செஞ்சேன், இங்கயே புள்ளைகளப் பெத்தேன். என் பேருக்கு முன்னாடி ஊரச் சொல்லாத ஆளு இந்த மலையில இல்லைங்க. ஒரு மனுசனுக்கு இம்புட்டு வெவரம் வேணும்னா, ஒரு பொட்டலம் டீத்தூளுக்கு ஒரு வரி போட்டா என்ன? அதுவும் பாவம்தானுங்களே, அம்புட்டு நல்லா செஞ்சவன் பேரும் அதுல இல்ல, நம்ம பேரு இருந்தும் நம்ம சனத்துக்குக் காசு இல்ல. ரெண்டு பேருக்கும் நட்டம். கலந்ததுன்னா கலந்ததுன்னு போடுங்க. எது வேணுமோ சனம் பாத்து வாங்கிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் கடைசிப் பகுதியை மறுபடியும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். எங்கள் பத்து நிமிஷம் முடிந்து மணி அடித்தும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தலைவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். எதிர் டீக்கடையில் மூன்று டீயும் ஒரு தட்டு மொறுமொறு வர்க்கியும் சொல்லிவிட்டுத் தலைவர் டீமேக்கர் பக்கம் கிளாஸைத் தள்ளினார். "இதுல எந்தெந்த ஊரு கலந்திருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார். "இதுல பாதி வெந்நிதாங்க" என்றார் டீமேக்கர். தலைவர் சிரித்த சிரிப்பில் வர்க்கி புரையேறிவிட்டது.

மசோதா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் கழித்துத் திருத்திய வரைவு ஒன்று வந்தது. கலந்து விற்கும் பொட்டலத்தில் எந்தெந்த நாட்டுச் சரக்கு என்று அச்சிட வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது. எத்தனை ஊர்க்காரர்கள் எழுதிக் கேட்டார்களோ தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது டீமேக்கர் போட்ட வரி என்றுதான் பேச்சு. மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அவர் ஓய்வுபெற்று, கூடலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் கூப்பிட்டால், "சிஸ்டர், பயம் போச்சா?" என்றுதான் எடுப்பார். பதில் சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரிடம் நான் அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டது அன்றைக்கே, மண்டபத்து வாசலில். அவர் கையை ஆட்டி விட்டுவிட்டார்.

டீக்கடைக்குப் போகுமுன் அங்கேதான் வாசல் மேஜையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் நிரப்ப வேண்டும். டீமேக்கருக்கு நான்தான் நிரப்பினேன்; பெயர், வயது, தொழில் எழுதிவிட்டு, சொந்த ஊர் என்ற கட்டத்துக்கு வந்தேன். தொழிற்சாலைப் பதிவேடுகளில் அவருடைய அந்தக் கட்டத்தில் பதினைந்து வருஷமாக நானே சிலோன் என்று எழுதி வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. அன்று பேனாவை நிறுத்திக்கொண்டு, "ஏனுங்க டீமேக்கர், இங்க என்ன எழுதட்டுங்க?" என்றேன். அவர் குல்லாயை மாட்டிக்கொண்டே யோசித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மஸ்கெலியான்னு போடுங்க, நான் பொறந்த தோட்டம் அங்கதான்" என்றார். எழுதினேன். "பக்கத்துல எமரால்டும் போடுங்க."

"ஒண்ணுதான் கேக்கறாங்க. கட்டம் சின்னதுங்க" என்றேன்.

"ரெண்டையும் போடுங்க தங்கச்சி. கலந்ததுன்னா போடணும்னு இப்பத்தானே உள்ள கேட்டுட்டு வர்றோம்."

இரண்டையும் எழுதினேன். எமரால்டு கட்டத்தில் அடங்காமல் கோட்டைத் தாண்டிப் போயிற்று. அவர் படிவத்தை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.