மூத்தவளை முந்திய கல்யாணம்

கல்முனையில் எதுவும் எதையும் முந்தலாம். பஸ்ஸை வேன் முந்தும். வேனை ஓட்டோ முந்தும். சில வருடங்களில் மழைகூட அறுவடையை முந்திக்கொண்டு வந்து நெல்லை நனைத்துவிட்டுப் போகும். அதற்கெல்லாம் யாரும் கூட்டம் கூடிப் பேசுவதில்லை. தங்கை மட்டும் தமக்கையை முந்தக் கூடாது.

அப்படியொரு சட்டம் எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லையென்று றினோஸாவுக்குத் தெரியும். எழுதாத சட்டத்தைத் திருத்த வழியில்லை, மீறத்தான் முடியும் என்பதும் தெரியும். முப்பது வயதைத் தாண்டிய அவள் பிரதான வீதியில் அபாயா தைக்கும் கடை வைத்திருந்தாள். கல்யாணத்தின் மீது கோபமில்லை; அவசரமில்லை, அவ்வளவுதான்.

தங்கை நுஸ்ஹாவுக்கோ அட்டாளைச்சேனை றம்ஸீனைப் பிடித்திருந்தது. அவனுக்கும் அப்படியே. அடுத்த மாதம் அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். அதற்குள் நிக்காஹ் முடியாவிட்டால் கதை என்னவாகுமோ? இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். உம்மா மைமூனா அசையவில்லை.

"மூத்தவ இரிக்க இளையவளுக்குக் கேட்டுப் போனா ஊரு என்னகா சொல்லும்?"

"வாய் வலிச்சா நிப்பாட்டும், உம்மா" என்றாள் றினோஸா.

"உம்மாட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு வாப்பா நாவிதன்வெளி வயலுக்குள் ஒளிந்துகொண்டார்.

அழுதழுது சிவந்த நுஸ்ஹாவின் மூக்கை அதற்கு மேல் பார்க்க றினோஸாவுக்குப் பொறுமையில்லை. ஒரு காலையில் கடையைப் பூட்டினாள். இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு பெட்டி தொதல் இனிப்பும் வாங்கி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு அட்டாளைச்சேனைக்குப் புறப்பட்டாள்.

றம்ஸீனின் உம்மா ஸுஹைறா, வாழைப்பழத்தைக் கண்டதுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். தப்பாகத்தான். மூத்தவள் வந்தால் மூத்தவளுக்காகத்தானே இருக்கும்?

"இரிங்க மகள். ஆள் விடாம நீங்களே வந்திட்டீங்க, நல்ல துணிச்சல்தான். டேய் அஸ்கி, சேட்ட மாத்திட்டு வா."

மூத்த மகன் அஸ்கி இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடினான்.

"மாமி, நான் எனக்குக் கேட்டு வரல்ல. றம்ஸீன என்ட தங்கச்சிக்குக் கேட்டு வந்திரிக்கன்."

ஸுஹைறாவின் முகம் மாறியது. "மூத்தவ நீங்க இரிக்கக்குள்ளயா?"

"மூத்தவரு அஸ்கி நானாவும்தான் இரிக்காரு. றம்ஸீன் அவர முந்தினா குத்தமில்லையா?"

"அவன் ஆம்புள."

"ஆம்புளைக்கு வயசு ஏறாதா, மாமி?"

அதற்குள் அஸ்கி புதுச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். "தம்பி கலியாணம் முடிக்கட்டும் உம்மா. எனக்கு அவசரமில்ல, ஆறுதலாப் பாப்பன்."

"நீ முதல்ல அந்தச் சேட்டக் கழட்டு" என்ற ஸுஹைறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம். "வெள்ளிக்கிழமை உம்மா வாப்பாவக் கூட்டிட்டு வாங்க மகள். தொதல வெச்சிட்டுப் போங்க."

ஸ்கூட்டி எவ்வளவு வேகமாக ஓடியும் ஸுஹைறாவின் தொலைபேசி அதை முந்திவிட்டது. மைமூனா வீட்டுக் கேற்றடியில் இடுப்பில் கைவைத்து நின்றார். பின்னால் நுஸ்ஹா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தின சீப்பு கொண்டு போன?"

"ரெண்டு."

"ரெண்டு சீப்போட மாப்புள கேட்டுப் போய் எங்கட மானத்த வாங்கிட்டியே. வாப்பாவுக்குப் போன் எடு. வெள்ளிக்கிழமைக்கு முழு வாழக் கொல ஒண்டு வேணும்."