வலையில் கேறிய கவர்கள்

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்த பெண்ணை அம்மா ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. அவள் பொழியூர் கடற்கரையிலிருந்து பஸ் ஏறி, கொல்லயில் என்ற எங்கள் ஊரில் முற்றம் வரை மீன் சுமந்து வருவாள். தொண்ணூறுகளின் பிற்பாதியில், தேக்கிலையில் பொதிவதை விட்டுவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் கவரில் மீனைப் போட்டுத் தரத் தொடங்கினாள்.

"கறுப்பா இருந்தா உள்ள கெடக்கது தெரியாதுல்லா" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். இரண்டொரு முறை அடியில் பழைய சாளை மீன் கிடந்ததும் உண்மைதான்.

அந்த வருடம் மீன் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் மீன்காரிக்கு ஒரே பதில்தான்.

"வலையில மீனில்ல அக்கா. கவராக்கும் கேறுது."

அவள் போனதும் அம்மா சொல்வாள்: "நல்ல மீன டவுனுல வித்துட்டு இங்க வந்து கதை சொல்லுதா."

கடைசியில் பொறுக்கமாட்டாமல், கல்லூரி விடுமுறையிலிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பொழியூருக்கே போய்விட்டாள். கரையில் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று கரமடி வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீன்காரியின் கணவரும் அதில் உண்டு. வலை நன்றாகக் கனத்தது. இழுத்தவர்களின் முகம் தெளிந்திருந்தது.

வலையின் மடி கரையேறியதும் அந்தத் தெளிச்சல் போயிற்று. மணல் நிறைந்து வீங்கிய கவர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. இடையிடையே கொஞ்சம் நெத்தோலி. ஒரு கவரைக் கிழித்தபோது, உள்ளே மாட்டிச் செத்து அழுகிய குஞ்சு மீன்கள் கொழகொழவென்று மணலில் விழுந்தன. மீன்காரியின் கணவர் யாரையும் பார்க்காமல் வலையின் கிழிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

எங்களைக் கண்டு மீன்காரி வந்தாள். அவள் பார்வையிலும் சந்தேகம் இருந்தது.

"நான் சொன்னது நேரா பொய்யான்னு பாக்க வந்தியளா அக்கா?"

"மீன் வாங்க வந்தோம்" என்றாள் அம்மா. பிறகு, "இவ்வளவும் எங்கயிருந்து வருது?"

"மழை பெஞ்சா ஆறு கொண்டு வரும். ஒங்க ஊருத் தோட்டு வெள்ளம் பின்ன எங்க போவுது?"

"எங்க ஊருல அப்பிடிப் போடுத ஆளு கெடையாது."

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பும்போது எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று, கீழே ஓடும் தோட்டை, அந்தச் சின்ன ஓடையை, எட்டிப் பார்த்தாள். தோட்டோரத்துக் கைதைத் தாழை முள்ளிலெல்லாம் கவர்கள் தொங்கின.

மறுநாளிலிருந்து அம்மா காலையில் மதிலோரம் நிற்கத் தொடங்கினாள். பாலத்துப் பக்கம் யார் போனாலும் முதலில் அவர்களுடைய கையைத்தான் பார்ப்பாள். அடுத்த வீட்டு அக்காவிடம் ஒருநாள், "கையில என்ன?" என்று கேட்டே விட்டாள். அந்த அக்கா மகளின் துணியைத் தைக்கக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதோடு எங்களிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. ஒரு காலையில் வானம் மூடியிருக்க, குடையை மறந்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா குடையோடு பின்னால் ஓட, நானும் போனேன். பாலத்தின் நடுவில் அப்பா பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புக் கவரை எடுத்து, குனிந்துகூடப் பார்க்காமல் கீழே போட்டார். எங்கள் அடுக்களைக் கழிவு. அதை அவர் தென்னை மூட்டில் புதைக்கிறார் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

அப்பா கொஞ்சமும் பதறவில்லை. "எல்லாரும் இங்கதானே போடுதாவ. டிரெயின் போயிரும், குடையத் தா."

அன்று சாயங்காலம் அம்மாவே மண்வெட்டி எடுத்து முற்றத்தின் மூலையில் குழி வெட்டினாள். அடுத்த வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசினாள். அந்த அக்கா கேட்டுக்கொண்டாள், ஆனால் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. மீன்காரி வந்தபோது அம்மா ஒரு சட்டியை நீட்டினாள்.

"கவர் வேண்டாமா அக்கா? என்ன காரியம்?"

"ஒண்ணுமில்ல. இதில போடு."

மீன்காரி சட்டியையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பாலத்தில் கண்டதை அம்மா அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், சோற்றுப் பாத்திரத்தைச் சரிசெய்வதுபோல அவர் பையை வாங்கி, அடிவரை துழாவிவிட்டுத்தான் கொடுப்பாள்.