வீடியோ கேம் பெட்டியைத் தேய்த்த ஞாயிறுகள்

கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்த புதிதில் என் கணவர் என்னிடம் பேசியதெல்லாம் சாப்பாடு, தண்ணீர், கடைச்சாவி பற்றித்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே அறை கொண்ட வீடு. மாமியார், கொழுந்தனார், நாங்கள் இருவர். யார் எதை முணுமுணுத்தாலும் எல்லார் காதிலும் விழும்.

தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில், பம்பாயில் மூலைக்கு மூலை வீடியோ கேம் வந்துகொண்டிருந்த நேரம். செம்பூரில் ஒருவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய், பழைய கேம் பெட்டி ஒன்றைக் கைவண்டியில் ஏற்றி வந்துவிட்டார். ஆள் உயரம் இருந்தது. விளையாட்டு நன்றாகவே ஓடியது. வெளிப்புறம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பச்சைப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. பக்கவாட்டில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். முன்பக்கமெல்லாம் பீடி சுட்ட தழும்பு.

அதன் மேலேயே ஒரு கோட் அடித்துவிடலாம் என்றார் கொழுந்தனார். அடியில் இருப்பது உரிந்தால் மேலே அடிப்பதும் சேர்ந்து உரியும் என்று இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும், கூட ஒரு கை வேண்டும் என்று என்னைக் கடைக்கு அழைத்தார்.

பெட்டிக்குள் இருந்த டிவியையும் ஒயர்களையும் கழற்றி ஓரமாக வைத்தோம். மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஸ்டிக்கர்மேல் போட்டு ஊறவிட்டு, பழைய கத்தியால் சுரண்டினோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அவர் பேச ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்தல்ல, பலகையைப் பார்த்து. பம்பாய்க்கு வந்த புதிதில் லோக்கல் ரயிலில் ஏறப் பயந்து, மாட்டுங்காவிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். நானும் பலகையைப் பார்த்தே பதில் சொன்னேன். இருவர் தலையிலும் பச்சைத் தூள்.

தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். அடி ஓரத்தில் பிளைவுட் உப்பி, ஒட்டு விட்டுப் பிரிந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டு ஆண்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"காயட்டும். காஞ்ச பெறவு பசை வச்சு ஆணி அடிச்சிருவோம்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க பெட்டி சந்தில் வெயில் காய்ந்தது. போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் புது பீரோவா என்று விசாரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆணி அடிக்கும்போது, பலகை பின்வாங்காமல் உள்ளேயிருந்து யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் தோள் நுழையவில்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே போய், முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். டிவி இருந்த ஓட்டைக்கு நேராக என் முகம். அந்த நேரம் பார்த்து மாமியார் டீ கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, நீ எப்பம் டிவியில சேந்த?"

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு என் கணவர் சிரித்தார். நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவருக்கு ஒரு தெற்றுப்பல் இருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பில் நான் பிடித்திருந்த பலகையை விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து பசை வைத்தோம்.

ஆணிக் குழிகளிலும் பீடித் தழும்புகளிலும் லப்பம் பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்தோம். உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, சிவப்பு அடித்தால்தான் ஏக்தம் எடுப்பாக இருக்கும் என்று கொழுந்தனார் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ சொல்லு. என்ன கலர் அடிக்கலாம்?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. மயில் நீலம் என்றேன். மறுநாளே போய் வாங்கி வந்தார்.