ஆறாம் நம்பர் நோஞ்சான்

காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் அவளுக்குத் தரகரம்மா என்று பெயர். இருபத்தாறு வருடத்தில் அவள் முடித்துவைத்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. முட்டைகோஸ் மொட்டு நாளைக்கு விரியும் என்றால் இன்றைக்கே அதைச் சாமணத்தால் பிரிப்பாள். உள்ளே இருக்கும் ஆறு மகரந்தக் காம்புகளையும் கிள்ளி எறிவாள். முள்ளங்கியின் மகரந்தத்தைத் தடவி, ஒரு தேனீகூட எட்டிப் பார்க்காதபடி காகிதப் பையைக் கவிழ்த்துக் கட்டிவிடுவாள்.

"சம்மதம் கேட்டுட்டு நின்னா இங்க ஒரு கல்யாணமும் நடக்காது" என்பாள்.

முட்டைகோஸுக்கு வேரில் ஒரு நோய் வரும். முள்ளங்கிக்கு வராது. அந்தத் தெம்பு முள்ளங்கியின் ஒன்பது ஜோடிக் குரோமோசோம்களில் எதில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒன்பது வகைச் செடிகள் தேவை. ஒவ்வொன்றிலும் முட்டைகோஸின் பதினெட்டோடு முள்ளங்கியின் ஒன்றே ஒன்று, ஒன்பதிலும் வெவ்வேறு ஒன்று. கலந்து பிறந்த பிள்ளையைத் திரும்பத் திரும்ப முட்டைகோஸுக்கே கட்டிக்கொடுத்து, முள்ளங்கிச் சொத்தை மெல்ல மெல்லக் கழிக்க வேண்டும். கடைசியாக மிஞ்சும் அந்த ஒன்று, ஜோடியில்லாமல் பெரிய குடும்பத்தில் வந்து தங்கிய விருந்தாளி மாதிரி. அடுத்த தலைமுறை பிறக்கிற சந்தடியில் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடும்.

ஏழு வருட வேலை. எட்டு வகை தேறிவிட்டது. ஆறாம் நம்பர் மட்டும் தண்ணி காட்டியது. அதன் கடைசிச் செடி இருபது விதையைக் கொடுத்துவிட்டு வாடிப்போனது. தரகரம்மா ஓய்வு பெறப் பதினாலு மாதம் இருந்தது. ஆறு தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் பார்க்க அவள் இருக்கமாட்டாள். ஒன்பதையும் ஒரே மேஜையில் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

விதைத்த நாலாம் நாளே பதினாறு முளைத்தன, ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. பிரித்து நட்டாள். மீதி நாலு தலைகாட்டவில்லை. எட்டாம் நாள் நாற்றுத் தட்டிலிருந்த பழைய மண்ணைப் பையில் கொட்டி, வழக்கம்போல வீட்டுப் பால்கனித் தொட்டிக்கு எடுத்துப்போனாள்.

இரண்டு வாரம் கழித்து, வேர்நுனிகளை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி முடித்த டாக்டரம்மா வந்து நின்றாள். வயதில் சின்னவள், படிப்பில் பெரியவள்.

"அக்கா, பதினாறுலயும் பதினெட்டுதான். முள்ளங்கியோடது ஒண்ணுலயும் இல்ல."

"ஒழுங்கா எண்ணினீங்களா?"

"மூணு தடவ எண்ணிட்டேன்க்கா. கண்ணே பூத்துப்போச்சு. சரி, மிச்சம் நாலு எங்க? கூட ஒண்ணைச் சுமக்கறது எப்பவுமே லேட்டாதானே முளைக்கும், நோஞ்சானா."

இது தரகரம்மாவுக்குத் தெரியாததல்ல. போன வருடம் புதிதாக வந்தவர்களுக்கு இதைப் பாடமாகவே எடுத்தவள் அவள். ஆனால் பதினாறு கொழுத்த நாற்றைப் பார்த்த சந்தோஷத்தில், இருபத்தாறு வருடப் பழக்கத்தில், கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது.

அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினாள். மூன்றாவது மாடிப் பால்கனியில் அவள் கணவர் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டும் அவர் பேச்சைக் கேட்கும். எந்தச் செடியும் கேட்காது. கள்ளிச்செடியையே பட்டுப்போக வைத்தவர்.

"மெதுவா வா, மெதுவா வா. நான் போட்ட மிளகா முளைச்சிருக்கு!"

குனிந்து பார்த்தாள். தீக்குச்சியை முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரு கோணல் தண்டு. மேலே முட்டைகோஸ் நாற்றுக்கு இருப்பதுபோல நுனி பிளந்த இரண்டு குட்டி விதையிலைகள்.

"இது மிளகா இல்லீங்க. என்னோட ஆறாம் நம்பர்."

"உன் நம்பரையெல்லாம் ஆபீஸோட வச்சுக்க. இது என் பிள்ள. பன்னண்டு நாளா உனக்குக்கூடச் சொல்லாம சொட்டு மருந்துக் குப்பியால தண்ணி விடறேன்."

"வேற ஏதாவது முளைச்சுதா?"

"ரெண்டு முளைச்சுது. களைன்னு பிடுங்கிப் போட்டுட்டேன்."

தரகரம்மா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத மட்டும் ஏன் பிடுங்கல?"

"அதுங்க ரெண்டும் விறைப்பா நின்னுச்சு. இது பாவம், இருமற மாதிரியே நிக்குது. மனசு வரல."

நானே தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தால் தருகிறேன் என்றார். பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்து, வெயில் படாமல் குடை பிடித்து வந்தார். பஸ்ஸுக்குள் எதற்குக் குடை என்று கேட்ட கண்டக்டரிடம், "நீங்க பிள்ள பெத்தவர்தானே?" என்று சண்டைக்குப் போனார்.

டாக்டரம்மா வேர்நுனியை நறுக்கியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊறவைத்து, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லுக்கடியில் கட்டைவிரலால் நசுக்கி, அவள் எண்ணத் தொடங்குவதற்குள் மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அவர் அப்போதும் வந்திருந்தார்.

"பதினெட்டு" என்றாள் டாக்டரம்மா.

தரகரம்மா தானே பார்க்க முன்னால் குனிந்தாள்.

"இருங்கக்கா, இங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. வேற செல் பாக்கறேன்... பதினேழு, பதினெட்டு... பத்தொம்பது. அக்கா, பத்தொம்பது!"

இன்னும் நாலு செல் பார்த்தாள். நாலிலும் பத்தொன்பது.

"ஒண்ணு கூடன்னா ஏதும் வியாதியா டாக்டரம்மா?" என்று கேட்டார் கணவர். ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஒன்பது தொட்டியும் மேஜையில் வரிசையாக நின்றன. தரகரம்மா இந்த முனையிலிருந்து ஒருமுறை, அந்த முனையிலிருந்து ஒருமுறை பார்த்தாள்.

"இது எப்ப பூக்கும்?" என்றார் அவர்.

"நல்லா வளந்த பிறகு ஒன்றரை மாசம் குளிர் அறையில வைக்கணும். அஞ்சு டிகிரி. அப்பதான் பூக்கும்."

"அஞ்சு டிகிரியா! இந்த உடம்பையா!" அவர் எழுந்துவிட்டார். "அந்த ரூமோட மோட்டார் எங்க இருக்கு? சும்மா ஒரு தடவ பாத்துடறேன்."

"உக்காருங்க" என்றாள் தரகரம்மா. மறுநாள் காலை முதல் வேலையாகக் குளிர் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள்.