ஈயம் பூசாத உருளியில் மாங்காய்ச் சட்னி

"மாங்காய் இனிப்புச் சட்னி, மே இரண்டாம் ஞாயிறு" என்று சீட்டு எழுதி ஒட்டிய பாட்டிலை மறுநாளே குப்பையில் கொட்டினேன். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய புதுப் பித்தளை உருளியில், வெல்லமும் வினிகரும் சேர்த்துக் கிளறிய சட்னி அது.

"மாங்காய்ச் சட்னி கிளறத்தான் வாங்குறேன். உள்ள ஈயம் பூசலையே?" என்று கேட்டுத்தான் வாங்கினேன்.

"அதெல்லாம் அந்தக் காலம் சார். அப்படியே சமைக்கலாம், ஹெல்த்துக்கு நல்லது" என்றார் கடைக்காரர்.

ருசி பார்த்த என் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீடு திரும்பிப் பார்த்தால் உருளியின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "மாங்காயைப் போய் பித்தளையில யாராவது போடுவாங்களா சார்? பாயசத்துக்குன்னுல்ல நெனச்சேன்!" என்று, நான் சட்னிக்கென்று சொல்லி வாங்கியதையே மறந்தவர்போலச் சிரித்தார். என் குழந்தை துவண்டு கிடந்தது அவருக்குச் சிரிப்பாகிவிட்டது!

இப்போது புளிப்பு எதுவானாலும் எவர்சில்வரில்தான் கிளறுகிறேன். வாந்திக்குக் களிம்புதான் காரணமா என்பதை மருத்துவர் உறுதிசெய்யவில்லை; எனக்கும் இன்றுவரை தெரியாது.